காத்திருக்கும் நொடிகள்

மழைக்காலம் வந்துவிட்டால் கிள்ளான் பள்ளத்தாக்கு மக்களின் கண்கள் வானத்தையும் கைப்பேசியையும் மாறி மாறிப் பார்க்கின்றன. வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் ‘பப்ளிக் இன்போபாஞ்சிர்’ இணையத்தளம் ஆறுகளின் நீர்மட்டத்தை இயல்பு, விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என நான்கு நிலைகளில் காட்டுகிறது. எங்கே எத்தனை மில்லிமீட்டர் மழை பெய்தது என்பதையும் அங்கே காணலாம். ஒரு மணி நேரத்தில் 10 மில்லிமீட்டர் வரை பெய்தால் அது இலேசான மழை. 60 மில்லிமீட்டரைத் தாண்டினால் மிகக் கனத்த மழை. அந்த எண்ணைப் பார்த்துத்தான் ஒரு குடும்பம் தன் காரை மேட்டுப் பகுதிக்கு நகர்த்துகிறது. பிறப்புப் பத்திரத்தையும் பள்ளிச் சான்றிதழ்களையும் பைக்குள் எடுத்து வைக்கிறது. ஆனால், ஆற்றங்கரையில் பிறந்த அந்த எண் திரைக்கு எப்படி வந்து சேர்கிறது என்பதை எண்ணிப் பார்ப்பவர்கள் குறைவு.

கிள்ளான் ஆற்றின் நீளம் ஏறத்தாழ 120 கிலோமீட்டர். கிள்ளான் கேட்ஸ் மலைப்பகுதியிலிருந்து இறங்கி வரும் இந்த ஆறு, மஸ்ஜிட் ஜாமேக் அருகே கோம்பாக் ஆற்றுடன் கலக்கிறது. பின்னர் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தை ஒட்டிச் சென்று, ஷா ஆலாம், கிள்ளான் வழியாகக் கடலை அடைகிறது. கோலாலம்பூரின் வரலாற்றையும் வெள்ளத்தின் வரலாற்றையும் பிரித்துப் பார்க்க முடியாது. 1881ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து இந்நகரை அழித்தன. அதன்பின் வீடுகளும் கடைகளும் செங்கல்லால் கட்டப்பட்டன. செங்கல் சூளைகள் இருந்த இடமே இன்று பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1926இல் பெருவெள்ளம் வந்தது. 1971 ஜனவரியில் மீண்டும் தலைநகர் நீரில் மூழ்கியது. அந்தப் பேரழிவுக்குப் பிறகு நிரந்தர வெள்ளக் கட்டுப்பாட்டு ஆணையம் அமைக்கப்பட்டது. வெள்ளத்தை முன்கூட்டியே அறிந்து மக்களுக்குச் சொல்லும் ஏற்பாடுகள் வளரத் தொடங்கின.

முன்கூட்டிச் சொல்ல வேண்டுமானால் ஆற்றை யாராவது அல்லும் பகலும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஆற்றோரத்தில் நடப்பட்ட அளவுகோலை ஒருவர் குடை பிடித்துக்கொண்டு சென்று படித்து வருவது பழைய முறை. இன்று அந்த வேலையைத் தொலையளவி நிலையங்கள் செய்கின்றன. பாலத்தின் ஓரத்தில் ஒரு கம்பத்தையும் அதன்மேல் ஒரு சூரியத் தகட்டையும் பூட்டிய ஓர் இரும்புப் பெட்டியையும் கண்டால், அது அத்தகைய நிலையமாக இருக்கலாம். அங்குள்ள மழைமானிக்குள் தராசைப் போல இருபுறமும் சாயும் இரண்டு சிறு கிண்ணங்கள் இருக்கும். ஒன்று நிரம்பியதும் சாய்ந்து நீரைக் கொட்டும்; மற்றொன்று மேலே வரும். ஒவ்வொரு சாய்வும் ஒரு கணக்கு. சில மானிகளில் அது 0.2 மில்லிமீட்டர், சிலவற்றில் 0.5 மில்லிமீட்டர். நீர்மட்டத்தை அளக்க வேறொரு கருவி இருக்கும்.

அளந்தால் மட்டும் போதாது. அளந்ததைச் சொல்ல வேண்டும். அதற்காகவே இரும்புப் பெட்டிக்குள் வானலைத் தரவு முனையம் ஒன்று வைக்கப்படுகிறது. எளிமையாகச் சொன்னால், அது பேச்சுக்குப் பதிலாக எண்களை அனுப்பும் வாக்கி-டாக்கி. வெள்ளக் கண்காணிப்புக்கு மட்டுமன்றி, குடிநீர்த் தொட்டிகள், மின்சாரத் துணைநிலையங்கள், எண்ணெய்க் குழாய்கள், தொழிற்சாலைகள் எனப் பல இடங்களிலும் இத்தகைய கருவிகள் பயன்படுகின்றன. இப்போது பல நிலையங்கள் கைப்பேசி வலையமைப்பு வழியாகவும் பேசுகின்றன. வழி எதுவாக இருந்தாலும் ஒரு கேள்வி மட்டும் மாறுவதில்லை. எப்போது அழைப்பது, பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது, பதில் வராவிட்டால் என்ன செய்வது? இவற்றை முனையத்தில் எண்களாக அமைத்து வைப்பதே அழைப்பு நேர அமைப்பு. கேட்பதற்கு மிகச் சிறிய வேலை. ஆனால், அதைக் கண்ணும் கருத்துமாகச் செய்யாவிட்டால், கோடிக்கணக்கான ரிங்கிட் மதிப்புள்ள கருவிகளும் ஊமையாகிவிடும்.

சாரணர் இயக்கத்தில் வாக்கி-டாக்கி பயன்படுத்திய மாணவர்களுக்கு ஓர் அனுபவம் இருக்கும். பொத்தானை அழுத்திய அதே கணத்தில் பேசத் தொடங்கினால் முதல் சொல் வெட்டுப்பட்டுவிடும். “நூற்று இருபது” என்று ஒருவர் சொல்ல, மறுமுனையில் “இருபது” என்று மட்டும் கேட்கும். ஏனெனில், பொத்தானை அழுத்தியவுடன் வானலைக் கருவி முழு ஆற்றலுடன் இயங்கிவிடாது. அதற்குச் சிறிது நேரம் வேண்டும். கேட்கும் கருவிக்கும் அலையை இனங்காண ஒரு கணம் தேவைப்படும். தரவு முனையத்துக்கும் இதே நிலைதான். பொத்தானை அழுத்துவதற்கும் முதல் எண்ணை அனுப்புவதற்கும் இடையே, நொடியில் பத்தில் இரண்டு அல்லது மூன்று பங்கு அது பொறுத்திருக்க வேண்டும். பொறுக்காவிட்டால் செய்தியின் தலை வெட்டுப்படும். ஒவ்வொரு செய்தியோடும் ஒரு சரிபார்ப்பு எண் சேர்ந்து வருவதால், தலையிழந்த செய்தியை மையக் கணினி ஏற்காமல் ஒதுக்கிவிடும். நிலையம் பேசியிருக்கும்; ஆனால், பேசாததாகவே கணக்கில் எழுதப்படும். “பதறாத காரியம் சிதறாது” என்னும் பழமொழி மனிதருக்கு மட்டுமன்று, இயந்திரத்துக்கும் பொருந்துகிறது.

அடுத்து வருவது மையக் கணினி காத்திருக்க வேண்டிய நேரம். பல அமைப்புகளில் மையம் ஒவ்வொரு நிலையத்தையும் வரிசையாகப் பெயர் சொல்லி அழைக்கும். வகுப்பில் ஆசிரியர் வருகைப் பதிவேட்டைப் படிப்பதைப் போன்றது இது. “ஏழாம் நிலையமே, உன் நீர்மட்டம் என்ன?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும். எவ்வளவு நேரம்? இதற்கு ஒரு கணக்கு உண்டு.

நொடிக்கு 1,200 பிட் வேகத்தில் செல்லும் ஒரு வானலை இணைப்பை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஓர் எழுத்தை அனுப்ப 10 பிட் தேவை என்று வைத்துக்கொண்டால், 20 எழுத்துக் கேள்விக்கு ஏறத்தாழ 0.2 நொடி ஆகும்; 60 எழுத்துப் பதிலுக்கு 0.5 நொடி ஆகும். மையத்தின் கருவி விழிக்க 0.3 நொடி, நிலையத்தின் கருவி விழிக்க 0.3 நொடி, நிலையம் கேள்வியைப் புரிந்துகொண்டு பதிலைத் தயாரிக்க 0.2 நொடி. அனைத்தையும் கூட்டினால் 1.5 நொடி. இதற்கும் குறைவாக, ஒரு நொடி மட்டுமே காத்திருக்கும்படி அமைத்தால் என்ன நடக்கும்? நிலையம் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, மையம் பொறுமையிழந்து மறுபடியும் அழைக்கத் தொடங்கிவிடும். இரண்டு குரலும் ஒரே அலைவரிசையில் மோதிக்கொள்ளும். பதில் நசுங்கிப்போகும். நல்ல நிலையில் இயங்கும் நிலையம் ஒன்று ‘பழுதடைந்தது’ என்று திரையில் காட்டப்படும். உண்மையில் பழுதடைந்தது நிலையமன்று, கேட்பவரின் பொறுமை.

இத்தகைய வேலைக்குப் புதிதாக வரும் இளைஞர், தம்மோடு வரும் மூத்தவரிடம் இயல்பாகவே ஒரு கேள்வி கேட்பார்: “அண்ணே, அப்படியென்றால் ஐந்து நொடி, பத்து நொடி என்று தாராளமாக வைத்துவிட்டால் பிரச்சினையே வராதே?” அனுபவமுள்ளவர் அதற்கு ஒரு கணக்கையே பதிலாகத் தருவார்: “தம்பி, எல்லாம் நன்றாக இருக்கும் நாளை வைத்துக் கணக்குப் போடாதே. புயல் அடிக்கும் நாளை வைத்துப் போடு.”

அந்தக் கணக்கு இதுதான். 40 நிலையங்கள் உள்ளன, ஒவ்வொன்றும் 1.5 நொடியில் பதில் சொல்கிறது. ஒரு சுற்று முடிய 60 நொடி ஆகும். கடும் மழையில் 10 நிலையங்கள் மின்னல் தாக்கியோ, மரம் விழுந்தோ வாய் மூடிக்கொண்டன என்று கொள்வோர் இப்படிக் கணக்கிடலாம். மையம் ஒவ்வொரு நிலையத்தையும் மூன்று முறை அழைக்கும். ஒவ்வொரு முறையும் ஐந்து நொடி காத்திருக்கும். பேசாத 10 நிலையங்களுக்காக மட்டும் 150 நொடி செலவாகிவிடும். மீதமுள்ள 30 நிலையங்களுக்கான 45 நொடியைச் சேர்த்தால் ஒரு சுற்றுக்கு 195 நொடி. காத்திருக்கும் நேரம் இரண்டு நொடியாக இருந்திருந்தால் அதே சுற்று 105 நொடியில் முடிந்திருக்கும். இறந்த நிலையங்களுக்காக நெடுநேரம் காத்திருந்தால், உயிரோடிருக்கும் நிலையங்களின் குரல் காலந்தாழ்ந்தே கேட்கும். ஆறு வேகமாக உயரும் வேளையில்தான் செய்தி மெதுவாக வரும்.

எனினும், இரண்டு நொடி என்பது எல்லா இடத்துக்கும் ஏற்ற மந்திர எண் அன்று. குன்றுகள் சூழ்ந்த மேல்பகுதியில் இருக்கும் நிலையம் நகர மையத்தை நேராகப் பார்க்க முடியாது. அதன் குரலை மலையுச்சியிலுள்ள மறுபரப்பு நிலையம் வாங்கி, மீண்டும் ஒலிக்க வேண்டும். அந்த மறுபரப்பு நிலையம் விழித்தெழவும் நேரம் வேண்டும். போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை. முன்னர்ப் போட்ட கணக்கில் தலா 0.3 நொடியைச் சேர்த்தால், 1.5 என்பது 2.1 ஆகிவிடும். சமவெளிக்குப் போதுமான இரண்டு நொடி மலைக்குப் போதாது. ஆகவே, ஓரிடத்தில் சரியாக இயங்கிய அமைப்பை அப்படியே படியெடுத்து இன்னோரிடத்தில் வைப்பது பொருந்தாது. இடத்துக்குச் சென்று, அளந்து, சோதித்து, ஆற அமரச் சிந்தித்தே எண்ணை முடிவு செய்ய வேண்டும்.

எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை அழைப்பது என்பதும் முக்கியமானது. ஆற்றோர நிலையம் சூரியத் தகட்டையும் மின்கலத்தையும் நம்பி வாழ்கிறது. கேட்டுக்கொண்டிருப்பதற்குச் செலவாகும் மின்னாற்றலைப் போலப் பல மடங்கு பேசுவதற்குச் செலவாகும். வெயில் நாளில் நிமிடத்துக்கு ஒரு முறை பேச வைத்தால், மேகம் மூடிய நாளில் பேசுவதற்கு மின்கலத்தில் ஆற்றல் இராது. ஆகவே, வறண்ட நாளில் நீண்ட இடைவெளியும், மழை தொடங்கியதும் குறுகிய இடைவெளியும் அமைக்கப்படுகின்றன. சில நிலையங்கள் அழைப்புக்குக் காத்திராமல், நீர்மட்டம் குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் தாமாகவே மையத்தை அழைக்கின்றன.

தாமாக அழைப்பது நல்லதுதானே என்று தோன்றும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. பெருமழை ஓர் ஊரில் மட்டும் பெய்வதில்லை. கோம்பாக்கிலும் அம்பாங்கிலும் செந்தூலிலும் ஒரே நேரத்தில் கொட்டினால், எல்லா நிலையங்களும் ஒரே நேரத்தில் “இங்கே நீர் உயர்கிறது!” என்று கூவும். ஒரே அலைவரிசையில் பலர் கூவினால் எவர் சொல்வதும் கேட்காது. மோதல் நடந்தபின் எல்லாரும் சரியாக மூன்று நொடி பொறுத்து மீண்டும் கூவினால், மூன்றாம் நொடியில் மறுபடியும் மோதல்தான்.

இந்தச் சிக்கலுக்கு உலகின் மற்றொரு மூலையில் ஒரு விடை கிடைத்தது. கோலாலம்பூர் வெள்ளத்தில் தத்தளித்த அதே 1971ஆம் ஆண்டில், ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஏபிராம்சன் என்னும் பேராசிரியரும் அவருடைய குழுவினரும் ‘அலோஹாநெட்’ என்னும் வானலைக் கணினி வலையமைப்பை இயக்கத் தொடங்கினர். கடலால் பிரிக்கப்பட்ட தீவுகளிலிருந்து பலர் ஒரே கணினியை வானலை வழியாகப் பயன்படுத்த வேண்டியிருந்தது. அவர்கள் கண்ட வழி வியப்பூட்டும் அளவுக்கு எளிமையானது. பேச வேண்டியவர் பேசட்டும். ‘கிடைத்தது’ என்னும் பதில் வராவிட்டால் மோதல் நடந்துவிட்டது என்று கொள்ளட்டும். பின்னர் ஒவ்வொருவரும் குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுத்த வெவ்வேறு நேரம் பொறுத்து மீண்டும் பேசட்டும். ஒருவர் ஒரு நொடி, இன்னொருவர் நான்கு நொடி, மற்றொருவர் இரண்டரை நொடி என்று பொறுத்தால் வழி தானாகவே பிரிந்துவிடும்.

ஆனால், இம்முறைக்கும் எல்லை உண்டு. எவ்விதக் கட்டுப்பாடும் இல்லாமல் எல்லாரும் பேசும் அலோஹா முறையில், அலைவரிசையின் நேரத்தில் அதிகபட்சம் 18 விழுக்காடு மட்டுமே பயனுள்ள செய்திக்குக் கிடைக்கும் என்பது கணிதம் காட்டும் உண்மை. நேரத்தைக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்தின் தொடக்கத்தில் மட்டுமே பேச வேண்டும் என்று விதித்தால் அது 37 விழுக்காடாக, அதாவது இரு மடங்காக உயரும். ஒரு சிறு ஒழுங்கு தரும் பயன் அது. இந்தச் சிந்தனையிலிருந்தே பின்னர் ஈதர்நெட் என்னும் கணினி வலையமைப்பு முறையும் பிறந்தது. பள்ளிக் கணினிக் கூடத்தின் கம்பிகளுக்கும் ஆற்றோர இரும்புப் பெட்டிக்கும் இப்படி ஓர் உறவு உண்டு.

இன்னொரு சிறு எண்ணும் மறக்கப்படக் கூடாதது. ஒரு முனையம் தொடர்ந்து அதிகபட்சம் எத்தனை நொடி பேசலாம் என்பதே அது. ஏதோ ஒரு கோளாறினால் ஒரு கருவி பேச்சுப் பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தால், அந்த அலைவரிசையில் வேறு எவரும் வாய் திறக்க முடியாது. குறித்த நேரம் கடந்ததும் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும்படி அமைத்துவிட்டால், ஒருவரது கோளாறு அனைவரது மௌனமாக மாறாது.

இந்த நொடிகள் எல்லாம் எதற்காக? கோலாலம்பூரின் ஸ்மார்ட் சுரங்கம் அதற்கு விடை சொல்லும். 2007இல் திறக்கப்பட்ட இந்த 9.7 கிலோமீட்டர் நீளச் சுரங்கம், வெள்ளநீரை நகர மையத்துக்கு வெளியே திருப்பிவிடுகிறது. அதன் ஒரு பகுதியில் வாகனங்களும் ஓடுகின்றன. கிள்ளான் ஆறும் அம்பாங் ஆறும் கூடுமிடத்தில் நீரோட்டம் நொடிக்கு 70 கன மீட்டரை அடையும்போது, வெள்ளநீர் சாலைக்குக் கீழுள்ள பகுதிக்குள் விடப்படுகிறது. அது 150 கன மீட்டரைத் தாண்டினால் சாலை மூடப்படுகிறது. வாகனங்கள் அனைத்தும் வெளியேறியதை உறுதி செய்த பின்னரே சுரங்கம் முழுவதும் நீருக்குத் திறந்துவிடப்படுகிறது. மனிதர்கள் செல்லும் சாலையை ஆறாக மாற்றும் முடிவு அளவீட்டை நம்பி எடுக்கப்படுகிறது. அளவீடு பொய்த்தாலோ தாமதித்தாலோ முடிவும் பிழைக்கும்.

2021ஆம் ஆண்டு டிசம்பரில் பெய்த கடும் மழையை ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடா மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். வீடுகள் மூழ்கின, பலர் மேல்மாடியிலும் கூரையிலும் ஏறி மீட்புப் படகுக்காகக் காத்திருந்தனர், உயிர்களும் பறிபோயின. அத்தகைய பெருவெள்ளத்தைக் கருவிகளால் தடுக்க முடியாது. ஆனால், தண்ணீர் முழங்காலுக்கு வரும் முன்னரே ஒரு பாட்டியைப் பாதுகாப்பான இடத்துக்கு அழைத்துச் செல்வதற்கு, சரியான நேரத்தில் வரும் ஒரு செய்தி உதவும்.

ஆகவே, திரையில் ஒரு நிலையத்தின் எண் வராதபோது அதை எப்படிப் புரிந்துகொள்வது என்பதே இந்த வேலையின் உயிர்நாடி. “மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி” என்பது உலக வழக்கு. தொலையளவியில் அது ஆபத்தான தவறு. மழைமானியிலிருந்து செய்தி வரவில்லை என்றால் ‘மழை இல்லை’ என்று பொருளன்று. அங்கே மழை இல்லாமலும் இருக்கலாம். மழையின் கடுமையால் நிலையமே செயலிழந்தும் இருக்கலாம். ஒரு மணி நேரத்துக்கு முன் வந்த எண்ணை அப்படியே திரையில் விட்டுவைத்தால், பார்ப்பவர் ஆறு அமைதியாக இருக்கிறது என்று நம்பிவிடுவார். நல்ல அமைப்பு ‘பூச்சியம்’ என்பதையும் ‘பதில் இல்லை’ என்பதையும் தனித்தனியே காட்டும். ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் அது வந்த நேரத்தையும் எழுதும். அந்தப் பிரிவினையைச் செய்ய உதவுவது காத்திருக்கும் நேரமே. போதிய நேரம் காத்திருந்து, வேண்டிய முறை அழைத்துப் பார்த்த பிறகுதான் ‘இது மௌனம்’ என்று நேர்மையாகச் சொல்ல முடியும்.

ஓர் எண்ணை மாற்றிவிட்டுப் பெட்டியைப் பூட்டிச் செல்லும் தொழில்நுட்பரின் வேலையை யாரும் கைதட்டிப் பாராட்டுவதில்லை. அவர் சரியாகச் செய்தால் எதுவும் நடக்காது. செய்தி மட்டும் வந்து சேரும். அவர் அமைத்த நொடிகளுக்குள் பேசுபவருக்கான மரியாதையும் இருக்கிறது; அடுத்துக் காத்திருப்பவருக்கான மரியாதையும் இருக்கிறது. பதில் சொல்ல ஒருவருக்குப் போதிய நேரம் தருவதும், ஒருவருக்காக மற்ற அனைவரையும் காக்க வைக்காதிருப்பதும், பதில் வராதபோது தாமாக ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளாமல் மீண்டும் கேட்பதும் ஆற்றங்கரைக் கருவிகளுக்கு மட்டும் உரிய விதிகள் அல்ல. வீட்டிலும் வகுப்பறையிலும் கேட்கத் தெரிந்த ஒவ்வொருவரும் அவற்றைத்தான் கடைப்பிடிக்கின்றனர்.